மணலுக்குள்ளே ஒரு லாரி!



ஒரு நிமிஷம் கண்ணை மூடிக்குங்க. நீங்க நிக்கிறது லிபியப் பாலைவனத்தின் நடுவுல. எந்தப் பக்கம் திரும்பினாலும் மணல். மரம் கிடையாது, ஆள் கிடையாது, செல்போன் டவர் சத்தியமா கிடையாது. கொஞ்ச தூரத்துல மணலுக்கு வெளியே ஏதோ துருத்திக்கிட்டு நிக்குது. கிட்டப் போய்ப் பார்த்தா... ஒரு லாரி! கதவு இல்லை, மேற்கூரை இல்லை. டயர் வெடிச்சுக் கிழிஞ்சு தொங்குது. ஆனா ஸ்டீயரிங் அப்படியே இருக்கு. பின்னாடி இரண்டாம் உலகப்போர் காலத்து பெட்ரோல் டின்கள் சிதறிக் கிடக்கு.

யார் ஓட்டிக்கிட்டு வந்தாங்க? ஏன் விட்டுட்டுப் போனாங்க? அவங்க உயிரோட வீடு போய்ச் சேர்ந்தாங்களா?

இது சினிமாக் கதை இல்லை பாஸ். 1940 முதல் 1943 வரை எகிப்து, லிபியா, துனிஷியா என்று வட ஆப்பிரிக்கா முழுக்க நடந்த சண்டையில் கைவிடப்பட்ட வண்டிகள் ஆயிரக்கணக்கில் உண்டு. அதில் பெரும்பாலானவை காயலாங்கடைக்குப் போயாச்சு. மிச்சம் மீதி இருப்பதை மணலிலிருந்து மீட்டெடுக்க உலகத்தில் ஒரு கூட்டமே அலைகிறது. அந்த வேலையில் இன்ஜினீயரிங் இருக்கு, பிசிக்ஸ் இருக்கு, ஹிஸ்டரி இருக்கு, சட்டம் இருக்கு. கொஞ்சம் ஏமாந்தால் மரணமும் இருக்கு!

பழைய இரும்புச் சந்தையில் ஒரு ஹீரோ

கதை ரால்ஃப் பேக்னால்ட் என்ற ஆங்கிலேயரிடம் ஆரம்பிக்கிறது. படிப்பில் இன்ஜினீயர், வேலையில் ராணுவ அதிகாரி. 1926-ல் இவரை எகிப்துக்கு மாற்றினார்கள். மற்ற அதிகாரிகள் லீவு கிடைத்தால் கிளப்புக்குப் போவார்கள், போலோ ஆடுவார்கள். நம்ம ஆள் என்ன செய்தார் தெரியுமா? நண்பர்களைச் சேர்த்துக்கொண்டு, ஃபோர்டு கார்களை எடுத்துக்கொண்டு, பாலைவனத்துக்குக் கிளம்பிவிட்டார். சொந்தக் காசு, சொந்த ரிஸ்க்!

அந்தக் காலத்தில் பாலைவனத்துக்கு ஒட்டகம்தான் லாயக்கு, மோட்டார் வண்டி போய்விடவே முடியாது என்பதுதான் எல்லோருடைய முடிவு. பேக்னால்ட் கேட்ட கேள்வி ஒன்றே ஒன்று. "ஏன் முடியாது?"

முதல் பிரச்னை, மணலில் சக்கரம் புதைவது. நம்ம ஊர் பீச்சில் பைக்கை இறக்கிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஆக்ஸிலேட்டரை முறுக்க முறுக்க சக்கரம் இன்னும் உள்ளேதான் போகும். பேக்னால்ட் கண்டுபிடித்த வைத்தியம் ரொம்ப சிம்பிள். டயரில் காற்றைக் குறை! காற்று குறைந்தால் டயர் அகலமாகப் பரவும். அதே எடை பெரிய பரப்பில் விழும். மணலின் மீது அழுத்தம் குறையும். ப்ளஸ் டூ பிசிக்ஸ்தான். ஆனால், பரீட்சையில் எழுதுவது வேறு, பாலைவனத்தில் உயிரை வைத்து டெஸ்ட் பண்ணுவது வேறு இல்லையா?

அப்படியும் புதைந்தால்? கெய்ரோவின் பழைய சாமான் கடையில் இவர் கண்ணில் பட்டது, கனமான இரும்புத் தகடுகள். முதல் உலகப்போரில் பதுங்குகுழிகளுக்குக் கூரை போடச் செய்தவை. வாய்க்கால் மாதிரி நடுவில் பள்ளமாக இருக்கும். புதைந்த பின்சக்கரத்துக்கு முன்னால் மணலைத் தோண்டி, இந்தத் தகட்டைச் சொருகி வண்டியைக் கிளப்பினால், சக்கரம் பிடிப்புக் கிடைத்து மேலே ஏறிவிடும். இன்றைக்கு ஜீப் ரேலிகளில், வண்டியின் பக்கவாட்டில் கலர் கலராகத் தட்டுகளைக் கட்டி வைத்திருப்பார்களே, அதன் தாத்தா இதுதான்.

அடுத்த பிரச்னை தண்ணீர். வெயிலில் ரேடியேட்டர் கொதித்து ஆவியாகிப் போனால், குடிக்க வைத்திருக்கும் தண்ணீரை அதில் ஊற்ற வேண்டியிருக்கும். பேக்னால்ட் என்ன செய்தார்? ரேடியேட்டரிலிருந்து ஒரு குழாய். அதன் மறுமுனை, வண்டியின் பக்கத்தில் கட்டிய தண்ணீர் டப்பாவுக்குள். ஆவி டப்பாவுக்குள் போய்க் குளிர்ந்து தண்ணீராகும். இன்ஜின் ஆறும்போது அந்தத் தண்ணீரை ரேடியேட்டரே திரும்ப உறிஞ்சிக்கொள்ளும். ஒரு சொட்டு வீணாகாது!

மூன்றாவது, திசை. வண்டியின் இரும்பு, காந்த ஊசியைக் குழப்பிவிடும். அதனால் சூரிய நிழலை வைத்துத் திசை காட்டும் கருவியை வண்டியிலேயே பொருத்தினார். ஒரு வட்டத் தகடு, நடுவில் செங்குத்தாக ஒரு கம்பி. கம்பியின் நிழல் தகட்டில் விழும் இடத்தையும் நேரத்தையும் வைத்து எந்தப் பக்கம் போகிறோம் என்று கணக்குப் போடலாம். வண்டியை நிறுத்தவே வேண்டாம். ராத்திரி ஆனால் நட்சத்திரங்களைப் பார்த்து, நிற்கும் இடத்தைச் சரிபார்ப்பார்கள்.

பொழுதுபோக்கு போராட்டமானது

1939. இரண்டாம் உலகப்போர் தொடங்குகிறது. ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்றிருந்த பேக்னால்டைத் திரும்ப அழைத்தார்கள். கிழக்கு ஆப்பிரிக்காவுக்கு போஸ்ட்டிங். போகிற வழியில், மத்தியதரைக் கடலில் அவருடைய கப்பல் இன்னொரு கப்பலோடு மோதிவிட்டது! ரிப்பேருக்காக எகிப்தின் போர்ட் செய்ட் துறைமுகத்தில் ஒதுங்கியது. சும்மா இருக்க முடியாமல் கெய்ரோ வரை போனவர், தளபதி வேவலின் கண்ணில் பட்டார். 'இந்த ஆளா? இவரை ஏன் கென்யாவுக்கு அனுப்பறீங்க?' என்று இங்கேயே பிடித்து வைத்துக்கொண்டார்கள். (இதே வேவல்தான் பிற்பாடு, 1943-ல் இந்தியாவின் வைஸ்ராய் ஆனார்.)

1940 ஜூனில் இத்தாலியும் போரில் குதித்தது. லிபியா அப்போது இத்தாலியின் கையில். உடனே பேக்னால்டின் யோசனைக்கு வேவல் பச்சைக்கொடி காட்டினார். சில வாரங்களில் உருவானது 'லாங் ரேஞ்ச் டெசர்ட் குரூப்' என்ற சிறப்புப்படை. எதிரி நினைத்தே பார்க்காத தெற்குப் பாலைவனம் வழியாகச் சுற்றிப்போய், அவன் முதுகுக்குப் பின்னால் நின்று வேவு பார்ப்பது இவர்கள் வேலை.

முதலில் சேர்ந்தவர்களில் அதிகம் பேர் நியூசிலாந்துக்காரர்கள். வண்டி? ராணுவத்திடம் பொருத்தமான வண்டியே இல்லை. எகிப்தில் கிடைத்த சாதாரண செவர்லே லாரிகளை வாங்கினார்கள், போதாததற்கு எகிப்து ராணுவத்திடமும் கேட்டு வாங்கினார்கள். பின்சக்கரம் மட்டும் இழுக்கும் ஒன்றரை டன் லாரி! கதவையும் கூரையையும் கழற்றி எறிந்தார்கள். ஸ்பிரிங்கைப் பலப்படுத்தினார்கள். மெஷின் கன் பொருத்தினார்கள். வண்டிக்கு வண்டி பெயரும் வைத்தார்கள், நாம் பைக்குக்குப் பேர் வைப்பது போல. நியூசிலாந்துக்காரர்கள் ஆயிற்றே, பெயர்கள் மாவோரி மொழியில்.

இந்தப் படையில் இந்தியர்களும் சேர்ந்து வேலை பார்த்தார்கள். 'இந்தியன் லாங் ரேஞ்ச் ஸ்குவாட்ரன்' என்று தனிப்பிரிவே இருந்தது. நம்ம பாடப்புத்தகத்தில் பார்த்த ஞாபகம் இருக்கா?

ஜெயிக்கிறவனுக்கே இரும்பு!

வண்டியை மீட்பது என்பது ஏதோ போர் முடிந்தபின் வந்த ஹாபி என்று நினைக்காதீர்கள். போர் நடக்கும்போதே அதுதான் பாதி வெற்றி.

யோசித்துப் பாருங்கள். பாலைவனத்தில் தொழிற்சாலை இல்லை. ஒரு டாங்கி உடைந்தால் புதுசு வருவதற்கு பிரிட்டிஷ்காரர்கள் ஆப்பிரிக்காவையே கப்பலில் சுற்றி வர வேண்டும். ஜெர்மானியர்கள் மத்தியதரைக் கடலைத் தாண்டி வர வேண்டும், நடுவில் குண்டு விழும். ஆனால், அடிபட்ட டாங்கிகளில் நிறைய, முழுசாகச் செத்தவை அல்ல. சங்கிலி அறுந்திருக்கும். கண்ணிவெடியில் சக்கரம் போயிருக்கும். இழுத்துக்கொண்டு வந்தால் சில நாளில் மறுபடி சண்டைக்கு ரெடி.

ஜெர்மானியர்கள் இதில் கில்லாடிகள். பகலில் சண்டை, ராத்திரியில் அடிபட்ட டாங்கிகளை இழுத்துப்போகிற வேலை. எதிரி விட்டுவிட்டுப் போன லாரிகளையும் விட்டுவைக்க மாட்டார்கள். சாயங்காலம் எவன் களத்தில் நிற்கிறானோ, அவனுக்குத்தான் அத்தனை இரும்பும் சொந்தம். பின்வாங்கினவனுக்கு, லேசான ரிப்பேரில் இருந்த வண்டிகூட நிரந்தர நஷ்டம்.

பிரிட்டிஷ்காரர்கள் அடிபட்டுத்தான் பாடம் கற்றார்கள். பல பிரிவுகளில் சிதறிக் கிடந்த மெக்கானிக்குகளை ஒன்றுசேர்த்து, 1942 அக்டோபர் 1-ம் தேதி தனிப்படையே அமைத்தார்கள். மூன்று வாரத்தில், அக்டோபர் 23-ம் தேதி, எகிப்தின் எல் அலமைனில் பெரும்போர் ஆரம்பமானது. சண்டை நடக்கும்போதே ஸ்கேமல் போன்ற பெரிய இழுவை வண்டிகளோடு போய், அடிபட்ட டாங்கிகளை இழுத்து வந்தார்கள் இந்த மெக்கானிக் படையினர். நவம்பர் தொடக்கத்தில் ஜெர்மானியர்கள் பின்வாங்கினார்கள்.

இதே மாதிரி இந்திய ராணுவத்திலும் 1943-ல் ஒரு படை உருவாக்கப்பட்டது. இன்றைக்கு இ.எம்.இ. என்று சொல்கிறோமே, அதுதான். மெக்கானிக்கல், எலெக்ட்ரிக்கல் முடித்தவர்கள் அதிகாரியாகச் சேர்கிற படை. கேம்பஸ் இன்டர்வியூவில் இது கண்ணில் படாமல் போகலாம், மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

மணல் எப்படி விழுங்குது, எப்படித் துப்புது?

சரி, மேட்டருக்கு வருவோம். எண்பது வருஷத்துக்கு மேல் ஆகியும் ஒரு லாரி எப்படி அப்படியே இருக்கும்?

இரும்பு துருப்பிடிக்க ஈரம் வேண்டும். லிபியப் பாலைவனத்தின் உள்பகுதியில் வருஷக்கணக்கில் மழையே பெய்யாது. அதனால் துரு மேலோடு நின்றுவிடும். ஆனால் அதே வண்டி கடற்கரை ஓரமாகக் கிடந்திருந்தால் கதை வேறு. உப்புக்காற்று அரித்து, கையால் தொட்டாலே உதிரும். இன்னொரு பக்கம், காற்றில் பறக்கும் மணல் உப்புத்தாள் மாதிரி வேலை செய்கிறது. காற்று அடிக்கும் பக்கம் பெயின்ட் சுத்தமாகப் போய் இரும்பு பளபளக்கும். மறுபக்கம் பழைய ராணுவ எண் எழுத்து எழுத்தாகப் படிக்கலாம்!

மணல் நகர்வதற்கும் கணக்கு இருக்கிறது. அதைக் கண்டுபிடித்தவரும் நம்ம பேக்னால்டுதான்! லண்டனில் காற்றுச் சுரங்கம் ஒன்றை அமைத்து அதில் மணலைப் பறக்கவிட்டு ஆராய்ச்சி செய்தார். மணல்துகள் பறந்துகொண்டே போவதில்லை. குதித்துக் குதித்துப் போகிறது. ஒன்று விழும்போது இன்னும் சிலவற்றை எழுப்பிவிடும், கேரம் போர்டு காய் மாதிரி. காற்று அடித்துச் செல்லும் மணலின் அளவு, காற்று வேகத்தின் மும்மடிப் பெருக்கத்தை ஒட்டிக் கூடும் என்பது அவர் சூத்திரம். அதாவது, வேகம் இரண்டு மடங்கானால் மணல் சுமார் எட்டு மடங்கு! ஒரே ஒரு புயலில் லாரி மறைந்துவிடுவதும், பல வருஷம் கழித்து மணற்குன்று நகர்ந்ததும் மறுபடி தலைகாட்டுவதும் இதனால்தான். தூத்துக்குடிப் பக்கம் தேரி மணலைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது லேசாகப் புரியும்.

1941-ல் அவர் வெளியிட்ட அந்த மணல் ஆராய்ச்சிப் புத்தகம் இன்றும் செத்துப்போகவில்லை. செவ்வாய்க் கிரகத்தின் மணற்குன்றுகளை ஆராய்கிற விஞ்ஞானிகளுக்கும் அதுதான் அரிச்சுவடி. அங்கே கியூரியாசிட்டி ஊர்தி 2015-ல் போய் ஆராய்ந்த மணற்குன்றுகளுக்கு அவர் பெயரையே வைத்திருக்கிறார்கள். கெய்ரோ காயலாங்கடையில் ஆரம்பித்தது, செவ்வாய் வரை போய்விட்டது பாருங்கள்!

எப்படி எடுக்கிறார்கள்?

'வண்டியைப் பார்த்தோமா, ரோப்பைக் கட்டினோமா, இழுத்தோமா' என்று போனால் வண்டியும் மிஞ்சாது, ஆளும் மிஞ்ச மாட்டார். ஒழுங்காகச் செய்கிறவர்கள் வரிசை இது:

முதலில், அனுமதி. வண்டி கிடக்கும் நாட்டின் அரசும் ராணுவமும் சம்மதிக்க வேண்டும். இல்லாவிட்டால் அதற்குப் பெயர் மீட்பு அல்ல, திருட்டு.

இரண்டாவது, தேடல். படைப்பிரிவுகளின் பழைய டைரி, கையால் வரைந்த வரைபடம், சேட்டிலைட் படம் எல்லாவற்றையும் ஒப்பிட்டுப் பார்ப்பார்கள்.

மூன்றாவது, வெடி. கண்ணிவெடி நிபுணர் பார்த்துச் சொல்லும் வரை யாரும் ஓர் அடி எடுத்து வைக்கக் கூடாது. வண்டிக்கு அடியில், சீட்டுக்கு அடியில் பொறி வைத்துவிட்டுப் போவது அந்தக் காலத்துப் பழக்கம்.

நான்காவது, பதிவு. எதையும் அசைப்பதற்கு முன்பு போட்டோ, அளவு, சேசிஸ் எண். ஒரு காலி டின் எந்தப் பக்கம் கிடந்தது என்பதுகூட முக்கியம். அவர்கள் எந்தத் திசையில் நடந்து போனார்கள் என்று அது சொல்லலாம்.

ஐந்தாவது, மனிதர். அருகில் எலும்போ உடைமையோ இருக்கிறதா என்று தேடுவார்கள். இருந்தால் வேலை அங்கேயே நிற்கும். அது இனி வண்டி அல்ல, கல்லறை.

இதெல்லாம் முடிந்த பிறகுதான் மண்வெட்டிக்கு வேலை. சக்கரத்தைச் சுற்றிக் கையால் தோண்டி, ஜாக்கி வைத்துத் தூக்கி, தகடு சொருகி, வின்ச்சால் மெதுவாக இழுப்பார்கள். வின்ச்சைக் கட்ட மரம் கிடையாதே? ஸ்டெப்னி டயரை ஆழமாகப் புதைத்து, அதில் ரோப்பைக் கட்டுவது ஒரு பழைய தந்திரம். வண்டி வெளியே வந்துவிட்டதே என்று உடனே ஸ்டார்ட் பண்ணிப் பார்க்கவும் கூடாது. பல வருஷம் இறுகிப்போன இன்ஜினில் எண்ணெய் விட்டு, நாள்கணக்கில் ஊறவைத்து, கையால் சுற்றிப் பார்த்த பிறகுதான் மற்றதெல்லாம்.

பிசாசின் தோட்டம்

எல் அலமைன் போருக்கு முன்னால் ஜெர்மானியர்களும் இத்தாலியர்களும் தங்கள் அணிகளுக்கு முன்னே புதைத்த கண்ணிவெடிகள் கிட்டத்தட்ட 5 லட்சம். அதற்கு அவர்கள் வைத்த பெயர் 'பிசாசின் தோட்டம்'. பிரிட்டிஷ் தரப்பும் தன் பங்குக்குப் புதைத்தது. போர் முடிந்ததும் எல்லோரும் ஊருக்குப் போய்விட்டார்கள். வெடிகள் அங்கேயே இருந்தன.

எகிப்தின் மேற்குப் பாலைவனத்தில் வெடிக்காத குண்டுகளும் கண்ணிவெடிகளுமாக 1.7 கோடி கிடந்ததாக எகிப்து அரசுத் தரப்பு நீண்ட காலமாகச் சொல்லி வந்தது. அதைக் கண்டுபிடித்தது யார்? பெரும்பாலும் பெடூயின் ஆடு மேய்ப்பவர்களின் கால்கள்தான். போருக்குப் பிறகு வயிற்றுப்பாட்டுக்காகப் பழைய இரும்பு பொறுக்கியவர்களும் அவர்கள்தான். உடைந்த டாங்கியின் இரும்பை விற்றால் கொஞ்சம் காசு. அதற்குப் போகிற வழியில் காலோ கையோ உயிரோ போகலாம். அவர்கள் போட்ட சண்டையா அது? யாரோ, எங்கிருந்தோ வந்து, இவர்கள் மேய்ச்சல் நிலத்தில் போட்ட சண்டை!

2000-களில்தான் ஐ.நா. வளர்ச்சித் திட்டத்தின் உதவியோடு வெடிகளை அகற்றும் வேலை வேகம் பிடித்தது. இன்றைக்கு அந்தக் கடற்கரையில் 'நியூ அலமைன்' என்று உயரமான கட்டடங்களோடு ஒரு நகரமே எழுந்திருக்கிறது.

அந்த 24 வயசுப் பையன்

இனி நான் சொல்லப் போகிறது லாரி இல்லை, விமானம். ஆனால் சொல்லாமல் விட முடியாது.

1942 ஜூன் 28. டென்னிஸ் காப்பிங் என்ற 24 வயது பிரிட்டிஷ் விமானி. நம்மில் பி.ஜி. முடித்து வேலை தேடுகிறவர்கள் வயசு. சேதமான கிட்டிஹாக் விமானத்தை ரிப்பேருக்காக இன்னொரு தளத்துக்குக் கொண்டு போனார். போய்ச் சேரவில்லை.

70 வருஷம் கழித்து, 2012-ல், எண்ணெய் தேடும் வேலையில் இருந்த போலந்து நாட்டுக்காரர் ஒருவர் எகிப்தின் பாலைவனத்தில் அந்த விமானத்தைப் பார்த்தார். கிட்டத்தட்ட முழுசாக! மணலில் வயிறு உரசி இறங்கியிருந்தது. பக்கத்தில் பாராசூட்டை விரித்து நிழல் செய்திருந்த அடையாளம். ரேடியோவும் பேட்டரியும் வெளியே எடுக்கப்பட்டிருந்தன. அதாவது, தரையிறங்கும்போது அவர் சாகவில்லை. உதவி கேட்கப் போராடியிருக்கிறார். அப்புறம் நடக்க ஆரம்பித்திருக்கிறார். சில கிலோமீட்டர் தள்ளி எலும்புகள் கிடைத்தன. அவருடையதுதான் என்று உறுதியாகவில்லை.

செய்தி பரவியதும் என்ன ஆயிற்று? நினைவுப்பொருள் வேட்டைக்காரர்கள் விமானத்தின் பாகங்களைக் கழற்றத் தொடங்கினார்கள். எகிப்து ராணுவம் வந்து தோட்டாக்களை அகற்றியது. விமானத்தை பிரிட்டனுக்குக் கொண்டுவர ஒரு முயற்சி நடந்தது. அதற்குக் கூலியாக பழைய ஸ்பிட்ஃபயர் விமானம் ஒன்றையே கொடுத்தது லண்டனின் விமானப்படை அருங்காட்சியகம். ஆனால் கிட்டிஹாக் வரவில்லை. கடைசியில் எல் அலமைன் அருங்காட்சியகத்தில், புதுப் பெயின்ட் பூசி நிற்க வைத்தார்கள். பழைய தழும்புகள் அந்தப் பெயின்டுக்கு அடியில் போய்விட்டன. விமானத்தைப் பற்றிச் சண்டை போட்ட அளவுக்கு, அதை ஓட்டிவந்த பையனைப் பற்றி யாரும் கவலைப்படவில்லையே என்ற ஆதங்கம் அவர் உறவினர்களுக்கு.

துரு துடைக்கலாமா?

இப்போது உங்களுக்கு ஒரு கேள்வி. மீட்ட வண்டியை என்ன செய்வீர்கள்? ரெண்டு உதாரணம் சொல்கிறேன்.

இங்கிலாந்தின் போவிங்டன் டாங்கி அருங்காட்சியகத்தில், 1943 ஏப்ரலில் துனிஷியாவில் பிடிபட்ட ஜெர்மன் டைகர் டாங்கி இருக்கிறது. குண்டு பட்டு மேல்கோபுரம் திரும்பாமல் மாட்டிக்கொண்டதால், உள்ளே இருந்தவர்கள் விட்டுவிட்டு ஓடிய டாங்கி. பல வருஷம் பாடுபட்டு அதை ஓடவே வைத்துவிட்டார்கள். வருஷாவருஷம் அது உறுமிக்கொண்டு ஓடுவதைப் பார்க்க டிக்கெட் வாங்கிக் கூட்டம் வருகிறது. 2014-ல் வந்த 'ஃப்யூரி' படத்தில் நடித்ததும் அதுதான்.

இன்னொன்று, பேக்னால்ட் படையின் 'வைகாஹா' என்ற செவர்லே லாரி. பாலைவனத்தில் 40 வருஷம் கிடந்ததை 1980-களின் தொடக்கத்தில் லிபியாவிலிருந்து மீட்டார்கள். பழைய படைவீரர்களின் சங்கம் பிரிட்டனின் இம்பீரியல் போர் அருங்காட்சியகத்துக்கு அதைக் கொடுத்தது. அவர்கள் பெயின்ட் அடிக்கவில்லை, டிங்கரிங் பார்க்கவில்லை. துருவோடு, கிழிசலோடு, மணலில் கிடந்த கோலத்திலேயே வைத்திருக்கிறார்கள்.

முதலாவது, இயந்திரம் எப்படி வேலை செய்தது என்று சொல்கிறது. இரண்டாவது, அதற்கு என்ன நடந்தது என்று சொல்கிறது. மெக்கானிக்கல் டிபார்ட்மென்ட்காரர் டைகருக்கு ஓட்டுப் போடுவார். ஹிஸ்டரிக்காரர் செவர்லேக்குப் போடுவார். என் ஓட்டு அந்தத் துருப்பிடித்த லாரிக்குத்தான். டைகருக்கு மறுபடி ஒரு டாங்கியின் வேலையைக் கொடுத்துவிட்டார்கள். துருவைத் துடைத்துவிட்டால் அந்த 40 வருஷத்தைத் திரும்ப யாராலும் ஒட்ட வைக்க முடியாது.

நம்ம தம்பிகளும்...

எல் அலமைன் போர்க்கல்லறையில் 7,000 பேருக்கு மேல் புதைக்கப்பட்டிருக்கிறார்கள். அதே வளாகத்தின் ஒரு மூலையில் தனியாக ஒரு நினைவுச்சின்னம். எகிப்திலும் லிபியாவிலும் இறந்து, தங்கள் மத வழக்கப்படி எரியூட்டப்பட்ட 600-க்கும் மேற்பட்ட வீரர்களுக்கானது. சிதையில் எரிந்தவர்கள் என்றால் யார் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

வட ஆப்பிரிக்காவில் போரிட்ட நாலாவது இந்திய டிவிஷனில் மெட்ராஸ் சாப்பர்ஸ் பிரிவுகளும் இருந்தன. ராணுவத்தில் இவர்களுக்குச் செல்லப்பெயரே 'தம்பி'. பாலம் கட்டுவது, பாதை போடுவது, கண்ணிவெடி அகற்றுவது இவர்கள் வேலை. மற்றவர்கள் நடந்து போவதற்காக, முதலில் நடந்து பார்த்தவர்கள் இவர்கள்! அந்தப் படையின் சுபேதார் சுப்பிரமணியன், அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்தவர். டிவிஷன் இத்தாலிக்குப் போன பிறகு, 1944 பிப்ரவரி 24-ம் தேதி, மின்யானோ என்ற இடத்தில் கூட இருந்த வீரரின் காலடியில் கண்ணிவெடி மாட்டியது. அது வெடிப்பதற்குள் அதன்மேல் தாவி விழுந்து, தன் உடம்பால் மூடினார். மற்றவர்கள் பிழைத்தார்கள். அவருக்கு இறப்புக்குப் பின் 'ஜார்ஜ் கிராஸ்' விருது கிடைத்தது.

அடுத்த முறை ஏதாவது சேனலில் பாலைவன மணலிலிருந்து துருப்பிடித்த லாரியை இழுத்து வருவதைக் காட்டினால், 'சூப்பர் வண்டி மச்சி' என்று சொல்லுங்கள், தப்பே இல்லை. கூடவே டிரைவர் சீட்டையும் ஒரு தடவை பாருங்கள். அங்கே உட்கார்ந்திருந்தவருக்கும் கிட்டத்தட்ட உங்கள் வயசுதான்.